கமலவேணி சொன்ன நம்பர்

நீங்க ஜன்னலோரமே உக்காந்துக்குங்க அம்மணி, எனக்கு இந்தப் பக்கமே சவுரியம். கோயமுத்தூரு போய்ச் சேர எப்படியும் ரெண்டு மணி நேரம் ஆகும். தூங்கற ஆளுன்னா சொல்லிப்போடுங்க, நான் வாயத் தெறக்காம வந்துக்கறேன். இல்லீன்னா ஒண்ணு கேக்கறேன். ஒருத்தி உங்ககிட்ட ஒரு வருசம், தெனம், தெனமுங்க, ஒரே பொய்யச் சொல்லியிருந்தா என்ன பண்ணுவீங்க? அறைவீங்களா? நான் அறையல. எந்திரிச்சு வந்துட்டேன். வந்து நாப்பது நாளாச்சு, கோவம் இன்னும் அப்படியே கெடக்குது.

பேரு கமலவேணி. பல்லடத்துக்காரி. சொந்தம், ஒறம்பரை இல்ல, பக்கத்து வூடு இல்ல. ஒன்றரை வருசத்துக்கு முந்தி அவ ஆருன்னே எனக்குத் தெரியாது. மொதமொதல்ல மூஞ்சியப் பாத்ததே போனுலதான். ஆனா கூடப் பொறந்தவகிட்டப் பேசாததையெல்லாம் அவகிட்டப் பேசியிருக்கறேன். அதுதானுங்க வயிறு எரியுது.

இருங்க, மொதல்ல இருந்து வர்றேன். என்ற பேரு துளசிமணி. கோபியில சத்துணவு அமைப்பாளரா முப்பத்திரண்டு வருசம் இருந்தேன். தெனம் இரநூறு புள்ளைக்குச் சோறு. ஒரு புழு, ஒரு கல்லு, ஒரு பேச்சு வந்ததில்ல. எண்ணெய் பாக்கெட்டோ பருப்பு மூட்டையோ, தேதி பாக்காம அடுப்புக்கிட்ட விட்டதில்லீங்க. சமையலுக்கு ரெண்டு பேரு இருந்தாங்க. என்ற செருப்புச் சத்தம் கேட்டாலே பேச்ச நிறுத்திப்போட்டு எந்திரிச்சு நிப்பாங்க. பயமெல்லாம் இல்ல, மரியாதை.

நாலு வருசத்துக்கு முன்னால மாருல கட்டி. கேன்சருன்னுட்டாங்க. ஒரு பக்கம் எடுத்தாச்சு, கரண்டு வெச்சாச்சு, மருந்து ஏத்தியாச்சு, முடி போச்சு, முடி வந்துச்சு. எல்லாத்தையும் தாண்டிட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீரு விடல, எங்க தெருவுல ஆர வேணாலும் கேட்டுப் பாருங்க. அதுக்கப்பறம் ஒரு ஹார்மோன் மாத்திரை குடுத்தாங்க. சுண்டு வெரலு நகத்துல பாதிகூட இருக்காது. தெனம் ஒண்ணு, அஞ்சு வருசம் போடோணும், நிறுத்துனா மறுபடி வந்தாலும் வரும்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. கத்தி பண்ணாதத அந்த மாத்திரை பண்ணுச்சுங்க. மூட்டு மூட்டா வலி. காத்தால எந்திரிச்சா வெரலு மடங்காது, டம்ளரு நிக்காது. ரவிக்கைக் கொக்கி மாட்ட என்ற வூட்டுக்காரரக் கூப்படோணும். அவரு ரிட்டயர்டு தபால்காரரு. ஊரு முழுக்க வெலாசம் தப்பாம குடுத்த மனுசன், இந்த நாலு கொக்கிய ஒருநாளும் அதது எடத்துல மாட்டுனதில்ல.

வலிக்குதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னேன். வலி மாத்திரை குடுத்தாங்க, கேக்கல. அப்பறம் நர்மதான்னு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. ஆஸ்பத்திரியில ஆலோசனை சொல்ற பொண்ணு. "அக்கா, வலியச் சமாளிக்கறதுக்கு ஒரு பயிற்சி இருக்குது. எட்டு வாரம். வூட்டுல இருந்தே போனுல பாத்துக்கலாம். உங்கள மாதிரியே பத்துப் பேரு வருவாங்க"ன்னுச்சு. வலி போயிருமான்னு கேட்டேன். "போயிரும்னு சொல்ல மாட்டேங்க்கா. அதோட மல்லுக்கட்டாம இருக்கறதுக்கு வழி தெரியும்"னுச்சு. பரவால்ல, புள்ள உண்மையச் சொல்லுதுன்னு சேந்துக்கிட்டேன்.

செவ்வாக்கெழமை மூணு மணிக்கு. போனுல கட்டங்கட்டமா பத்து மூஞ்சி. ஒருத்தி மூஞ்சிக்குப் பதிலா அவிங்க வூட்டு ஃபேனுதான் எட்டு வாரமும் சுத்துச்சு. நர்மதா கண்ண மூடி, மூச்ச மெதுவா இழுத்து விடச் சொல்லும். கால் வெரல்ல ஆரம்பிச்சுத் தலை வரைக்கும் ஒவ்வொண்ணா இறுக்கிப் புடிச்சு விடச் சொல்லும். வேலைய வலி வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தோணும், இருவது நிமிசம் செஞ்சா அஞ்சு நிமிசம் உக்காரோணும், அதுக்கு அலாரம் வெச்சுக்கோங்கன்னும். நான் வெச்சேன். தோசை ஊத்தறப்ப அலாரம் அடிச்சுது, உக்காந்தேன். "அந்த அலாரத்த தோசைக்கும் சொல்லிப்போடு"ன்னாரு எங்க வூட்டுக்காரரு.

எல்லாத்துக்கும் முன்னாடி ஆளுக்கொரு நம்பர் சொல்லோணும். வலியே இல்லீன்னா பூஜ்ஜியம், தாங்கவே முடியலீன்னா பத்து. இதுல ஒரு கூத்து பாருங்க, பத்துப் பேருல ஒருத்தியும் எட்டுன்னு சொல்லல. செவ்வாக்கெழமையும் அதுவுமா வாயில அந்த ஆகாத எட்டு வருமா? எனக்கு அசலா எட்டுத்தான். நான் ஆறுன்னேன். அந்தப் புள்ள அத்தனை ஆசையாக் கேக்குது, எச்சாச் சொன்னா மூஞ்சி சுண்டிப்போயிருமே. ஒவ்வொருத்தியும் அப்படித்தான் கொறச்சுச் சொல்லியிருப்பா. வந்தவங்க மனசு நோகாமப் பேசறதுதானே நம்ம பழக்கம். இதுல பொய்யின்னு என்ன இருக்குது?

மூணாவது வாரம் ஒண்ணு நடந்துச்சு. கோத்தகிரியில இருந்து ஒரு டீச்சரம்மா வரும். வாய் பேசாத ஆளு. அன்னைக்கு நம்பர் கேட்டா, "மூணு"ன்னுச்சு. எப்படீங்க டீச்சருன்னு கேட்டா, அழுதுக்கிட்டே சொல்லுச்சு, "ரெண்டு வாரமா மாத்திரைய நிறுத்திட்டேன், சாக்பீஸ் புடிக்க முடியல"ன்னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நர்மதா வாயத் தெறக்கறதுக்குள்ள நானே கேட்டேன். "ஏனுங்க டீச்சர், படிச்சவங்கதானே நீங்க? கவர்மெண்டு மருந்தக் குப்பையில போடறதுக்கா வாங்குனீங்க? நாங்கெல்லாம் பல்லக் கடிச்சுக்கிட்டுப் போடல? உங்களுக்கு மட்டும் வெரலு தங்கத்துலயா செஞ்சிருக்குது? நாளைக்கு மறுபடி வந்தா ஆருகிட்டப் போயி அழுவீங்க?"ன்னு. டீச்சரம்மா கட்டம் கறுப்பாயிருச்சு. அப்பறம் வரவே இல்ல.

நர்மதா தனியாப் போன் பண்ணி, "அக்கா, இங்க ஆரும் ஆரையும் வையக் கூடாது. சொல்றதுக்குத்தான் இந்த எடம். அவங்க சொன்னதுனால டாக்டர்கிட்டப் பேசி வேற மாத்திரைகூட மாத்திப் பாக்கலாம்"னுச்சு. சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்? நான் வெஞ்சதுக்கப்பறம் அந்தக் கூட்டத்துல ஒருத்தியாச்சும் மாத்திரைய நிறுத்திட்டேன்னு வாயத் தெறந்தாளா? இல்லையே. ஒரு ஒழுங்கு வந்துச்சுல்ல?

நாலாவது வாரம் நர்மதா ஒரு கேள்வி கேட்டுச்சு. "தெனம் உங்களுக்குப் புடிச்ச ஒண்ணு செய்யோணும், அப்பத்தான் வலி பின்னால போகும். உங்களுக்கு என்ன புடிக்கும்?"னு. புள்ளைக்குப் புடிச்சது தெரியும், வூட்டுக்காரருக்குப் புடிச்சது தெரியும், நமக்கு என்ன புடிக்கும்னு எந்தக் காலத்துல ஆரு கேட்டாங்க? ஒருத்தி, "வெயில்ல பாத்தரம் கமுத்தி வெக்கறது"ன்னா. அடுத்தது என்ற முறை. அப்பத்தான் இந்தக் கமலவேணி, "எனக்கு அந்தக் கோபி அக்கா பேசறதக் கேக்கப் புடிச்சிருக்குது"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க. முப்பத்திரண்டு வருசம் பேசியிருக்கறேன், கேக்கப் புடிக்குதுன்னு ஒருத்தரு சொன்னதில்ல.

அன்னையில இருந்து தெனம் நாலு மணிக்கு அவளுக்கு நான் போன் பண்ணுவேன். பயிற்சி முடிஞ்சும் நிறுத்தல. அவ வூட்டுல நாலு தறி ஓடுது, அந்தச் சத்தத்துல அவ சந்துக்குள்ள வந்து நின்னு பேசுவா. என்ற மருமக கதை, கமலவேணி புருசன் காலொடிஞ்ச கதை, எல்லாம். ஒரு பக்கம் இல்லாம ரவிக்கை தைக்கறது எப்படி, உள்ள என்ன வெச்சா குனியறப்ப நகராது, இதெல்லாம் ஆருகிட்டப் பேசறது? அவகிட்டப் பேசுனேன். அவ வையாம, அய்யோ பாவம்னு உச்சுக் கொட்டாமக் கேப்பா.

போன எடுத்ததும் மொதக் கேள்வி நான் கேக்கறது ஒண்ணுதான். "மாத்திரை போட்டாச்சா?" அவ சொல்லுவா, "போட்டாச்சுக்கா." அதுக்கப்பறந்தான் மத்ததெல்லாம். அட்டெண்டன்ஸ் எடுக்காம நான் எந்த வேலையும் ஆரம்பிச்சதில்ல.

ஆறாவது வாரத்துல நம்பர் கேக்கறப்ப கமலவேணி சொன்னா, "ரெண்டு." எல்லாரும் வாயப் பொளந்தோம். போன வாரம் ஏழு சொன்னவ. நர்மதா சந்தோசத்துல கை தட்டுச்சு. எப்படி, எப்படின்னு கேட்டுச்சு. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டு, "அந்த மூச்சுப் பயிற்சிதாங்க"ன்னா.

அங்க புடிச்சுதுங்க எனக்குக் கெரகம். அவளுக்கு ரெண்டு, எனக்கு எட்டா? நானும் அதே மூச்சத்தானே விடறேன்? அவ ஒரு தடவை பண்ணுனா நான் மூணு தடவை பண்ணுனேன். கட்டில்ல படுத்துப் பண்ணுனேன், நாற்காலியில உக்காந்து பண்ணுனேன், பஸ் ஸ்டாப்புல கண்ண மூடிக்கிட்டு நின்னு பண்ணி ரெண்டு பஸ்ஸ விட்டேன். 'என்னால முடியும், கொஞ்சங் கொஞ்சமா முடியும்'னு கண்ணாடியப் பாத்துச் சொன்னேன். வலி அப்படியே நின்னுச்சு. அப்ப தப்பு எங்கிட்டத்தானே? மனசு சுத்தமில்ல, பொறுமை இல்ல, அதுதான் எனக்கு வரமாட்டீங்குதுன்னு என்னைய நானே வெஞ்சுக்கிட்டேன். ஒரு வருசம் அம்மணி. கேன்சருக்கு அழுகாதவ, பாத்ரூம்ல தண்ணியத் தெறந்து விட்டுட்டு அழுதேன். அவளுக்கு முடியறது எனக்கு முடியலீன்னு அழுதேன்.

மாத்திரைய நிறுத்திரலாமான்னு எனக்கு எத்தனை தடவை தோணியிருக்கும்னு நெனைக்கறீங்க? ஒவ்வொரு தடவையும் அவளத்தான் நெனைப்பேன். தறி வூட்டுல பாபின் சுத்தறவ, ஓஞ்சு உக்கார நேரமில்லாதவ, அவளே போட்டுக்கிட்டு ரெண்டுல நிக்கறா, உனக்கென்னடி கேடு, முழுங்குன்னு சொல்லி முழுங்குவேன்.

மாரியாத்தா நோம்பிக்கு வாங்கக்கா, வாங்கக்கான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. போனேன். அவளுக்கு ஒரு சுங்குடிச் சேலை, அவ பேத்திக்கு ஒரு கவுனு. என்னையக் கட்டிப் புடிச்சா பாருங்க, எடுத்த பக்கம் எடுத்த பக்கத்தோட ஒட்டுச்சு, ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். அவளே முறுக்குப் புழிஞ்சு வெச்சிருந்தா. கையால. நான் அந்தக் கையவே பாத்துக்கிட்டு இருந்தேன். என்ன வேகம்! வெரலு ஒவ்வொண்ணும் பதினெட்டு வயசுப் புள்ளையாட்டம் ஓடுது.

மறுநா காத்தால காப்பி குடிச்சுட்டுப் பையத் தேடறேன், என்ற மாத்திரைய எடுத்து வெக்க மறந்துபோட்டேன். என்ற ஆயுசுல அப்படி மறந்ததில்ல, ஆகாத நேரம். "கமலவேணி, உன்றதுல ஒண்ணு குடு, ரெண்டும் ஒரே மாத்திரைதானே"ன்னேன். அவ மூஞ்சி செத்துப்போச்சு. உள்ள போனவ வெகு நேரம் வரல. அப்பறம் ஒரு அட்டையக் கொண்டாந்து குடுத்தா. முழு அட்டை. ஒண்ணுகூடப் பிய்க்காதது. நம்ம பழக்கந்தான் தெரியுமே, திருப்பித் தேதியப் பாத்தேன். போன மாசத்தோட முடிஞ்சுபோச்சு.

"என்ன கமலவேணி இது, காலாவதியான மாத்திரையாப் போட்டுக்கிட்டு இருக்கற?"ன்னு நானே உள்ள போனேன். அலமாரியில ஒரு பிஸ்கோத்து டப்பா. தெறந்தா அட்டை அட்டையா அடுக்கியிருக்குது. மாசா மாசம் ஆஸ்பத்திரியில வாங்கியாந்து அதுல போட்டு வெச்சிருக்கறா. ஒண்ணுலயும் வெரலு படல.

"எப்ப இருந்து?"ன்னேன்.

"நாலாவது வாரத்துல இருந்துக்கா."

நாலாவது வாரம்! அப்ப நாலு மணிக்கு நாலு மணி, போட்டாச்சுக்கா, போட்டாச்சுக்கான்னு சொன்னதெல்லாம்? அந்த ரெண்டு? அந்த மூச்சுப் பயிற்சி?

அழுதா அம்மணி. "வெரலு மடங்கலீன்னா நூலு அந்து அந்து போகுதுக்கா. அவருக்கும் காலு முடியல. நான் உக்காந்துட்டா தறி நின்னு போகும்"னா. சரி, அதை எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடி? அதுக்கு அவ சொன்ன பதிலக் கேளுங்க. "டீச்சரம்மாவ நீங்க பேசுன பேச்சக் கேட்டதுக்கப்பறம் எப்படிக்கா சொல்றது? சொன்னா அடுத்த நாளு நாலு மணிக்கு உங்க போன் வராதேன்னு பயமா இருந்துச்சு"ன்னா. எப்படி இருக்குது பாருங்க! பண்றதையும் பண்ணிப்போட்டுப் பழிய என்ற தலையில கட்டறா. நான் என்ன பூதமா, பயப்படறதுக்கு?

"ஒரு வருசம் நான் என்னையவே வெஞ்சுக்கிட்டிருந்தேன்டி, உன்ற ரெண்ட நெனச்சு நெனச்சு"ன்னேன். "உங்களுக்கு எத்தனைக்கா அப்ப?"ன்னு கேட்டா. எட்டுன்னேன். "எங்கிட்ட அஞ்சுன்னுதானேக்கா சொன்னீங்க, தெனமும்"ங்கறா. அது வேற, இது வேறன்னேன். செருப்ப மாட்டிக்கிட்டு வந்துட்டேன். சேலைய அவ கட்டிக்கிட்டிருந்தா, இல்லீன்னா அதையும் கொண்டாந்திருப்பேன்.

அன்னையில இருந்து நான் போன் பண்றதில்ல. இப்ப அவ பண்றா, நாலு மணிக்கு. அடிச்சு அடிச்சு ஓயும். நான் எடுக்கறதில்ல. பேசோணும்னு பட்டா அன்னைக்கே பேசியிருக்கோணும்.

நீங்க நல்லாக் கேக்கறீங்க அம்மணி, அதனால ஒண்ணு சொல்றேன். உங்களோட இருக்கட்டும். நானும் நிறுத்திட்டேனுங்க. பல்லடத்துல இருந்து வந்த அன்னைக்கே. அட்டைய எடுத்தேன், அவ டப்பா கண்ணுல வந்து நின்னுச்சு, தூக்கி உள்ள போட்டுட்டேன். ஆரு மூஞ்சிய வெச்சுக்கிட்டு முழுங்குனேனோ அவளே பொய்யின்னா நான் எதுக்குப் போடோணும்? அவளையும் என்னையும் ஒண்ணாச் சேக்காதீங்க. அவ நிறுத்துனது பயத்துல. நான் நிறுத்துனது கோவத்துல.

வலியா? கொறஞ்சுபோச்சுங்க. பத்து நாள்ல டம்ளரு நின்னுச்சு. போன வாரம் என்ற கொக்கிய நானே மாட்டிக்கிட்டேன். வூட்டுக்காரரு பாத்துட்டு, "பயிற்சி வேலை செய்யுது போல"ன்னாரு. ஆமான்னேன். இப்ப நம்பர் கேட்டா ரெண்டுங்க. சத்தியமா ரெண்டு. ஒரு நாளு இடியாப்பம் புழிஞ்சேன். புழிஞ்சு முடிச்சுட்டுக் கையப் பாத்தேன், ஆருகிட்டயாவது காட்டோணும் போல இருந்துச்சு.

இன்னைக்கு எதுக்குப் போறேன்னு சொல்லலையே. நர்மதா புதுசா முப்பது பேரு சேத்திருக்குது. மொத நாளு மட்டும் ஆஸ்பத்திரி ஹாலுக்கு வரச் சொல்லி, போனுல எப்படி உள்ள வர்றதுன்னு சொல்லித் தருவாங்க. அதுல பழைய ஆளு ஒருத்தரு பேசோணுமாம். "நீங்கதாங்க்கா பேசோணும், மூணு வருசமா ஒருநாளு விடாமப் போடறவங்க நீங்கதான்"னு கூப்பிட்டுச்சு. வர்றேன்னுட்டேன். மரியாதையாக் கூப்படறப்ப எப்படி இல்லீங்கறது?

இருங்க, நர்மதாதான் கூப்படுது. ஆ, சொல்லு கண்ணு... அவிநாசி தாண்டிட்டேன், வந்துருவேன்... எல்லாரும் வந்தாச்சா? ஒருத்தி அழுகறாளா? எதுக்கு?... மாத்திரை போட்டாக் கை வலிக்குதா?... அவகிட்டச் சொல்லு, கோபில இருந்து ஒரு அக்கா வர்றாங்க, மூணு வருசமா ஒரு வேளை தவறல, கல்லாட்டம் இருக்கறாங்கன்னு சொல்லு. நான் வந்து பேசிக்கறேன்... அட, நெசந்தான் சாமி, உங்கிட்டப் பொய் சொல்லுவனா?... ஆ, வெய்யி.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? பாவம் அம்மணி, சந்தோசமா இருக்குது புள்ள. முப்பது பேர உக்கார வெச்சுக்கிட்டு இருக்கறப்ப இதையா சொல்றது?

டாக்டரம்மாகிட்டச் சொன்னா வெஞ்சுபோடுவாங்க. வூட்டுக்காரர்கிட்டச் சொன்னா மனுசன் சோறு எறங்காமக் கெடப்பாரு. பயமில்லையான்னு கேக்காதீங்க. இருக்குதுங்க. குளிக்கறப்ப மிச்சமிருக்கற பக்கத்தத் தடவித் தடவிப் பாக்கறேன். நேத்து ஏதோ தட்டுப்பட்ட மாதிரி இருந்துச்சு. மறுபடி தடவுனா இல்ல. மறுபடி தடவுனா இருக்கற மாதிரி இருக்குது.

சொன்னா வையாமக் கேக்கறவ ஒருத்திதான் இருந்தா எனக்கு. அவளும் இப்படிப் பண்ணிப்போட்டா. நீங்களே சொல்லுங்க அம்மணி, இனி நான் ஆருகிட்டப் போயிச் சொல்றது?